ஏறாத முள்

மூன்று வருடங்களுக்கு முன், ஜனவரியில், இலங்கை மலையகத்து டயகமவில் நடந்தது இது. காலையில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் மாதம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இருந்த ஒருவர் பழைய டபள் கெப் பிக்கப் வண்டியில் மரக்கறி ஏற்றிப் பிழைத்து வந்தார். அவருடைய மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. இரத்தம் சுத்திகரிக்க நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டும். தாதிமாரிடம் சிங்களத்தில் பேசுவதற்காக நானும் கூடப் போவேன்.

திரும்பி வரும்போது அந்தப் பெண் இரண்டு கம்பளிச் சட்டைகளுக்குள் நடுங்குவார். வண்டியின் ஹீட்டரை முழுதாகத் திருகினாலும் லேசான வெதுவெதுப்புதான் வரும்.

"ஒங்க வண்டியும் என்னைய மாதிரிதாங்க. ரத்தத்துல சூடே இல்ல" என்று கணவரைச் சீண்டுவார்.

"நீ மொதல்ல வாய மூடு, குளிரு உள்ள போகுது" என்பார் கணவர்.

கேலிதான் என்றாலும் கணவருக்கு அது உறுத்தியது. ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பினார். ஹீட்டர் குழாய்களைக் கழற்றி அடைப்பு எடுத்தார். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் தலவாக்கலையில், எல்லோரும் 'நானா' (அண்ணன்) என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஹீட்டரைத் தொடவே இல்லை. ஏற்றம் ஏறி வந்த வண்டியில், எஞ்சின் சூடு காட்டும் முள் அடியிலேயே கிடந்ததைப் பார்த்தார்.

"முள்ளு ஏறவே இல்லையே தம்பி?"

"எந்த மேட்டுலயும் ஏறாது நானா" என்றார் கணவர், கொஞ்சம் பெருமையாக.

"வால்வு இருக்கா?"

"அத அப்பவே கழட்டி வீசிட்டேனே."

எங்கள் பக்கத்துச் சாரதிகள் பலர் செய்வது இது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் சின்ன வால்வு அது. ஏற்றத்தில் வண்டி கொதித்துவிடும் என்ற பயத்தில் கழற்றிவிடுவார்கள். பிறகு தண்ணீர் நிற்காமல் ஓடி ஆறிக்கொண்டே இருக்கும். ஹீட்டருக்குச் சூடு மிஞ்சாது. மெக்கானிக் இதை விளக்கியதும் கணவரின் பெருமை போய்விட்டது.

"அப்ப நான்தானா அவள குளிர வச்சிருக்கேன்" என்றார்.

வால்வு கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்தது. அது வருவதற்குள் மனைவிக்கு மூச்சுத் திணறி வார்ட்டில் சேர்த்துவிட்டோம். வால்வைப் பூட்டிய அன்று மனைவியைப் பார்க்கப் போன கணவர், "வீட்டுக்கு வாறப்ப ஒனக்கு வேர்க்கப் போகுது பாரு" என்றார். மனைவி சிரித்தார். மறுநாள் இறந்துபோனார்.

உடலை ஊருக்குக் கொண்டுபோக வேறு வண்டி பிடிக்கலாம் என்றேன். "என் வண்டியிலதான் வருவா" என்று கணவர் மறுத்துவிட்டார். திறந்த பின்பகுதியில் பெட்டியை ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். நானுஓயா தாண்டியதும் மழை பிடித்தது. பழக்கத்தில் அவர் கை ஹீட்டரைத் திருகியது. முள் நடுவில் நின்றது. சற்று நேரத்தில் காற்று அனலாக வந்தது. அந்த வண்டிக்குள் முதன்முறையாக என் கால்கள் சூடு கண்டன.

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பிறகு ஹீட்டரை அணைத்தார்.

"அவ அங்க நனையிறா. நமக்கு எதுக்குண்ணே?"

டயகம வரை குளிரிலேயே வந்தோம். ஆவி படிந்த முன்கண்ணாடியை நான் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இப்போதும் அவர் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். வால்வைக் கழற்றவில்லை, ஹீட்டரையும் போடுவதில்லை. எந்த வண்டியில் ஏறினாலும் என் கண் முதலில் அந்த முள்ளைத் தேடுகிறது. அது மெல்ல ஏறும்போதெல்லாம், அந்தச் சூட்டில் அவர் மனைவி ஒரே ஒரு தடவையாவது உட்கார்ந்து வந்திருக்கலாமே என்று மனம் கிடந்து தவிக்கிறது.