விடுபட்ட வரி

மணிமுத்துவுக்கு நாற்பத்திரண்டு வயது. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் ஏழு வருஷமாகப் புரூஃப் வாசிக்கிறாள். கைப்பிரதியை அவள் உரக்க வாசிக்க, எதிரே சொர்ணலட்சுமி அச்சுத்தாளில் விரல் வைத்துக்கொண்டே சரிபார்ப்பாள். கமா, புள்ளியையும் வாயால் சொல்ல வேண்டும். பத்தாவது வரை படித்ததும் கணீரென்ற குரலும் வாங்கித் தந்த வேலை.

அதற்கு முன் விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆலை. வெடிவிபத்தில் புருஷன் போனான், ஆலையையும் மூடினார்கள். மகள் பொன்மணி சின்னப் பிள்ளை. இரண்டு வருஷம் மணிமுத்து விருதுநகர் லாட்ஜுகளுக்குப் போய்வந்தாள். இந்த நாற்காலி கிடைத்த அன்றோடு விட்டாள். இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மறுநாள் நாற்காலி இருக்காது.

அன்று கல்லூரிப் பாடநூலில் பழைய உரோமைப் பற்றிய பாடம். முதலாளி பலவேசம் தன் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அப்பா, காகித ஏஜென்ட் சங்கையா, முதல் தடவையாக அச்சகத்துக்கு வந்திருந்தார். லோடுக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். முதலாளி மேஜைக்கு டீ வந்தது.

"உரோமில் உடலை விற்ற பெண்கள் அதிகாரிகளிடம் பெயரைப் பதிய வேண்டியிருந்தது, புள்ளி. தொழிலை விட்ட பிறகும், கமா, இழிபெயர் அவர்களை விடவில்லை, புள்ளி."

நிமிர்ந்தாள். சங்கையா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேலுதட்டு மச்சத்தைக் கண்டதும் அவளுக்கும் ஆள் பிடிபட்டுவிட்டது. வாசிப்பு நின்றுபோனது.

"என்ன தாயி, கரண்டு போயிருச்சா?" என்றாள் சொர்ணலட்சுமி.

சங்கையா லேசாகச் சிரித்தார். "இந்தப் பொம்பளய எங்கனயோ பாத்த மாதிரி இருக்கே."

பலவேசம் கிளாஸைக் கீழே வைத்தார். "அப்படியா? எங்கன பாத்தீக?"

பக்கத்து அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மணிமுத்து கைப்பிரதியை மடியில் இறக்கினாள்.

"ஆமா அண்ணாச்சி, எங்கன பாத்தீக? சொல்லுங்க."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. வரப்போகும் சம்பந்தியைப் பார்த்தார். பிறகு மேலே ஃபேனைப் பார்த்தார். "இருக்கங்குடி கோயில்லயா இருக்கும். கூட்டத்துல."

மணிமுத்து தாளை எடுத்தாள். "அவர்களிடம் சென்ற ஆண்களின் பெயரை யாரும் பதியவில்லை, புள்ளி."

"இது இங்க இல்லையேடி. டைப் அடிச்சவன் ஒரு வரிய முழுங்கிட்டான். திருப்பிச் சொல்லு, எழுதிக்கிடுதேன்."

திருப்பிச் சொன்னாள். எழுதுகிறவளுக்கு எட்டுகிற வேகத்தில், ஒவ்வொரு சொல்லாக. 'ஆண்களின்' வந்தபோது சங்கையா ஒலிக்காத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"கையெழுத்து வாங்காமப் போறீகளே!" என்றார் பலவேசம். சங்கையா, 'அப்புறம்' என்று கையைக் காட்டிவிட்டு வாசலிறங்கிப் போனார்.

கல்யாணம் முடிந்தால் மாதம் ஒருமுறையாவது இங்கே வருவார். அதை நினைத்ததும் மணிமுத்து முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள்.

சொர்ணலட்சுமி எழுத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கோயில்ல பாத்தாராக்கும். கூப்பிட்டாக்கூட நீ எந்தக் கோயிலுக்கும் வர மாட்டியே."

மணிமுத்து விட்ட இடத்தைக் கைப்பிரதியில் தேடினாள்.

"வேர்த்து ஊத்துது பாரு. தண்ணியக் குடி. மத்தியானத்துக்குள்ள இன்னும் முப்பது பக்கம் கெடக்கு."

குடித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அடுத்த பத்தி," என்றாள்.