துண்டுக்கடியில் இருந்த கை

நேற்று கடைத்தெருவில் புளிச்சை நார்க் கயிறு தொங்கியது. முகர்ந்தேன். திண்டிவனம் மாட்டுச் சந்தை ஞாபகம் வந்துவிட்டது.

சின்ன வயதில், அம்மா போன பிறகு பகலெல்லாம் எனக்குத் துணை செவலைப் பசு மட்டும்தான். நடவுச் செலவுக்கென்று அப்பா அதைச் சந்தைக்கு ஓட்டினார். நானும் போனேன். புழுதியும் மணிச்சத்தமும் மல்லாட்டைக் கடலை வறுக்கிற புகையும் சுற்றிச் சுற்றி வர, அப்பாவும் தரகரும் ஒரு துண்டுக்கடியில் கையை விட்டு, விலையை வாயால் சொல்லாமல் விரலைப் பிடித்தே பேசிக்கொண்டிருந்தார்கள். கை உள்ளே இருக்கும்வரை செவலை எங்களுடையது என்று நான் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாண்ணே, வெரல வுடமாட்டியா? பொண்ணு வேற மொறைச்சிக்கினு நிக்குது. ஜல்தியா முடி," என்று தரகர் சிரித்தார்.

அப்பா கையை வெளியே எடுத்தார். வாங்கியவர் புதுக்கயிறு கட்டினார். விற்கிறவர் பழைய கயிற்றை மாட்டோடு கொடுப்பதில்லை, அது வழக்கம். அப்பா அந்தப் புளிச்சை நார்க் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

"வச்சிக்கோம்மா. கயிறு இருந்தா கொட்டா காலியாவாது."

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை மாட்டுக் கொட்டகை முளைக்குச்சியில் கட்டினேன். மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு, செவலை படுக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.