டக்கென்று நின்ற ஒப்பாரி

ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் நான். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் இரண்டு ஸ்டாப்பிங் முன்னாலேயே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுவிடுவேன். அப்படிப்பட்டவளைப் பிடித்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரும் வேலையைக் கொடுத்தவர்களை என்ன சொல்ல?

தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணப் பிரிவில் எனக்கு ஒப்பந்த வேலை. பழைய பேராசிரியர்கள் வகுப்பில் பேசியதைப் பதிந்த கேசட்டுகள், அவர்கள் தயாரித்த கேள்வித்தாள்கள், சுற்றுவட்டார ஊர்களில் நடந்த நாடகங்களின் நோட்டீசுகள், கரகம், நாகஸ்வரம், நடவுப் பாட்டு என்று போகிற இடமெல்லாம் பிடித்துவந்த பதிவுகள், எல்லாம் அட்டைப்பெட்டிகளில் வந்து குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் கேட்டு, கம்ப்யூட்டருக்கு மாற்றி, எதில் என்ன இருக்கிறது என்று நாலு வரி குறிப்பு எழுதவேண்டும். பொங்கல் கழிந்ததும் மொத்தத்தையும் இணையத்தில் ஏற்றப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கப்புறம் உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

கேசட்டை வேகமாக ஓட்டி மாற்ற முடியாது. ஒரு மணி நேர வகுப்பு என்றால் ஒரு மணி நேரமும் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். நான் மேஜைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டே, ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஹெட்போன் வயர் எட்டுகிற தூரம் வரை நடந்துகொண்டே கேட்டேன். பக்கத்து மேஜைக்காரர் தனக்குத் தலைசுற்றுகிறது என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

நாட்டுப்புறப் பாடல்கள் பற்றி ஒரு பேராசிரியர் வருஷாவருஷம் எடுத்த வகுப்புகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவர் காலமாகி வெகுநாளாகிறது. கணீரென்ற குரல். ஒப்பாரிக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். “கவனியுங்கள். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண், அந்தத் துயரத்தின் நடுவிலும் மோனை தவறாமல் பாடுகிறார்” என்றார். வகுப்பிலேயே ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துப் போட்டுக்காட்டினார்.

*தங்கத்துல தேர் செஞ்சு தாவாரத்துல நிறுத்தி வச்சேன்,*
*ஏறிப் பாக்காம எங்க போனீங்களோ...*

அந்த ‘ளோ’வை இழுத்த இழுப்பில் என் கால் ஆட்டம் நின்றுவிட்டது. தெருக்கோடியில் விளையாடிக்கொண்டிருந்த என்னைச் சோற்றுக்குக் கூப்பிடும்போது அம்மா கடைசி எழுத்தை இழுத்த அதே இழுப்பு. பாடின பெண் இன்னும் ரெண்டு வரி பாடியிருப்பாள். ‘டக்’ என்று ஒரு சத்தம். பேராசிரியர் நிறுத்திவிட்டார். “இவ்வளவு போதும்” என்றார்.

அடுத்த வருஷத்து வகுப்பைப் போட்டேன். அங்கேயும் அதே பாட்டு, அதே இடத்தில் ‘டக்’. அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். எத்தனை பிள்ளைகள் அதைக் கேட்டுப் பரீட்சை எழுதியிருப்பார்களோ தெரியாது.

என் அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. எங்கள் தெருவில் சாவு விழுந்தால் பெண்கள் கூடி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வரி எடுத்துப் பாடுவார்கள். அம்மாவும் போவாள், உட்காருவாள், வாய் மட்டும் திறக்கமாட்டாள். அப்பா செத்தபோதுகூட அவள் வாயிலிருந்து ஒரு வரி வரவில்லையாம். நெஞ்சழுத்தக்காரி என்று ஊர் இன்னும் சொல்கிறது. எனக்கு அப்போது நடை பழகுகிற வயது, எதுவும் ஞாபகமில்லை. அப்பா என்றால் எனக்கு ஒரு போட்டோ மட்டும்தான்.

அம்மாவிடம் காரணம் கேட்கக்கூடாத விஷயங்கள் இரண்டு. ஒன்று அந்த ஊமைத்தனம். இன்னொன்று சைக்கிள். அப்பா போன மறு அறுப்பில் கிடைத்த கூலியில் அவள் முதல் வேலையாக ஒரு பழைய ஆம்பளை சைக்கிளை வாங்கிவந்து தாவாரத்தில் நிறுத்தினாள். வீட்டில் ஓட்ட ஆம்பளை கிடையாது, அவளுக்கும் ஓட்டத் தெரியாது. ஊரே சிரித்தது. நான் வளர்ந்து, பாருக்கு அடியில் காலைவிட்டு அரைப் பெடல் போட்டுப் பள்ளிக்கூடம் போகிற வரை அது அங்கேயேதான் நின்றது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, “நீ கேசட்டுல பாடியிருக்கியாம்மா?” என்று கேட்டுவிட்டேன். பதமாகக் கேட்பதெல்லாம் எனக்கு வராது.

உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவளின் கையில் முறம் நின்றுவிட்டது.

“அந்த சாரு நல்ல மனுசன்தான். புருசனுக்குப் பாடுற ஒப்பாரி வேணும்னு ஊர் ஊரா அலைஞ்சிருக்காரு. தாலி அறுத்தவங்களப் பாடச் சொன்னா நெசமாவே அழுதுடுறாங்க, கேக்க மனசு வரலன்னாரு. தாலி கட்டிக்கிட்டிருக்கவ எவ பாடுவா? எனக்குத்தான் வாய்க்கொழுப்பு. நான் பாடுறேங்கன்னு போய் நின்னேன்.”

எங்கள் பக்கத்தில் சாவில்லாத வீட்டுக்குள் ஒப்பாரி வாயில் வரக்கூடாது. பாடித்தான் ஆகவேண்டுமென்றால் ஊருக்கு வெளியே போய்ப் பாடிவிட்டு, சாவு வீட்டுக்குப் போய்வந்ததுபோல வாய்க்காலில் தலை முழுகிவிட்டுத்தான் வாசல்படி ஏறவேண்டும். அதனால்தான் அம்மா பேராசிரியரை வாய்க்கால் மதகடிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள்.

“பாடி முடிச்சிட்டு இறங்கிப் பாத்தா, வாய்க்கால்ல பொட்டுத் தண்ணி இல்ல. அந்த வருசம் மேட்டூரு காலத்துல தொறக்கலையே. தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. உலை வைக்கணுமேங்கிற அவசரத்துல அப்படியே வீட்டுக்குள்ள வந்துட்டேன். மறு கார்த்திகையில உங்கப்பாவுக்குக் காமாலை வந்துச்சு.”

“காமாலை தண்ணியால வர்றதும்மா. பாட்டால யாருக்காவது வருமா? அப்படியே பாத்தாலும், கைப்பம்புல ரெண்டு கொடம் அடிச்சு ஊத்தியிருக்கலாம்ல?”

“நானும் இத்தனை வருசமா அதத்தான் என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றாள். முறத்தைக் கீழே வைத்தாள். “அதை அழிச்சிடு பாப்பா. ஊரு உலகம் கேக்கவேணாம். உசுரோட இருந்த மனுசனுக்கு நான் சாவு பாடுனத இன்னும் எத்தனை பேரு கேக்கணும்?”

எரிச்சல் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக ஒருத்தி கைப்பம்பை நினைத்தே வெந்துகொண்டிருந்திருக்கிறாள், கூடவே இருந்த எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பிரிவுத் தலைவி மேடத்திடம் சொன்னேன். “பாடினவங்களே வேணாம்னா எடுத்துடலாம்மா. அம்மாவைக் கூட்டிட்டு வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க” என்று தாளை நீட்டினார். அவ்வளவு சுலபம். தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன், ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகக் கை வரவில்லை. அந்த ‘டக்’ என்னைப் பாடாய்ப்படுத்தியது. ஏன் வருஷாவருஷம் அதே இடத்தில் நிறுத்தினார்? அதற்கப்புறம் என்ன இருக்கிறது?

மதகடியில் பிடித்த மூலக் கேசட் எங்கேயாவது இருக்கவேண்டும். நாலைந்து நாள் அந்த அறையைத் தலைகீழாக்கினேன். மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டேன். பெட்டிகளையெல்லாம் கொட்டிக் கவிழ்த்தும் கிடைக்கவில்லை. மிச்சமிருந்தது மூலையில் சாவி தொலைந்துபோன ஒரு இரும்பு பீரோ. ஆள் வருவார், பூட்டைத் திறப்பார் என்றார்கள். ஆள் வருகிற வரை பொறுத்திருக்க நான் என்ன சாமியாரா? ஸ்குரூடிரைவரைக் கொண்டுபோய் நானே நெம்பினேன். பக்கத்து மேஜைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் எங்கள் ஊர்ப் பேரும் ‘ஒப்பாரி - மதகடி’ என்றும் எழுதிய கேசட் இருந்தது.

போட்டேன். காக்கை கத்துகிறது. தூரத்தில் ஆடு. அம்மா பாடுகிறாள். தேர், தாவாரம், ஏறிப் பாக்காம. வகுப்பில் கேட்ட வரிகள் முடிந்து, ‘டக்’ வரவேண்டிய இடம் வந்தது. டக் இல்லை. ஒரு ஆண்குரல், கொஞ்சம் தள்ளியிருந்து, சிரிப்போடு:

“தேரெல்லாம் வேணாம் புள்ள. ஒரு சைக்கிளு வாங்கிக் குடு, போதும்!”

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. பேராசிரியர், “நிறுத்தாதீங்கம்மா, பாடுங்க, பாடுங்க” என்கிறார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வரியை எடுக்கிறாள். அந்தக் குரல் கிட்டத்தில் வருகிறது. அவள் பாடப் பாட, பாட்டின் மேலேயே பேசுகிறது.

“நல்லாத்தான்டி பாடுற. நான் நெசமாப் போறப்பவும் இதே மாதிரி பாடணும், தெரிஞ்சுதா? ஊரே நின்னு கேக்கணும்.”

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நாற்பது வயதில் முதல்முதலாக என் அப்பா பேசிக் கேட்டிருக்கிறேன், யாரிடம் போய்ச் சொல்வது? திரும்பி வந்து மறுபடி கேட்டேன். அப்பாவின் பேச்சை மட்டும் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டு பாட்டை அழித்துவிடலாமா என்று கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்து பார்த்தேன். முடியவில்லை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வைத்தால் இரண்டையும் வைக்கவேண்டும், அழித்தால் அப்பாவும் போய்விடுவார்.

பொங்கல் முடிந்த மறுவாரம், இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னால், அம்மாவைக் கூட்டிப் போனேன். கையெழுத்துப் போடத்தான் வந்திருந்தாள். நல்ல புடவை, தலையில் எண்ணெய். கேட்டுவிட்டுப் போடு என்றேன்.

“அந்தக் கருமத்தை நான் எதுக்குக் கேக்கணும்? பேனாவைக் குடு.”

“அப்பா பேசுறாரும்மா அதுல.”

என்னையே பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டு நான் ஜன்னல் பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடி போய், இருப்புக் கொள்ளாமல் அலைந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் முகத்தை வைத்துத்தான் பாட்டு எங்கே வந்திருக்கிறது என்று தெரிந்தது. முதலில் வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள். சைக்கிள் வந்த இடத்தில் சிரித்துவிட்டாள், அந்தக் காலத்துச் சிரிப்பே வெளியில் வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு நின்றது. இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

முடிந்ததும் அதைக் கழற்றத் தெரியாமல் தலையிலேயே வைத்துக்கொண்டு உரக்கப் பேசினாள்.

“பாடச் சொல்லியிருக்காரே பாப்பா! சைக்கிளு ஞாபகம் இருந்துச்சு. இது எப்படி எனக்கு மறந்துபோச்சு? வாயைத் தச்சிக்கிட்டு உக்காந்திருந்தேனே...”

அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்து மேஜைக்காரர் மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவளே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

“இது வேணாம், இருக்கட்டும். ஆனா புருசனப் பறிகொடுத்தவன்னு அந்த சாரு சொல்றாருன்னியே, அது தப்பு. அவரு உசுரோட பக்கத்துலதான் நின்னாரு. அதை மட்டும் எழுதிடு.”

குறிப்பில் எழுதினேன்: ‘கணவர் உயிரோடு அருகில் நிற்கையில் மனைவி பாடியது. இடையில் கேட்பது அவர் குரல்.’ மேடம் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

கும்பகோணம் பஸ்ஸில் திரும்பினோம். அம்மா வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஊரில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மதகடியைப் பார்த்து நடந்தாள். மேட்டூரை அடைக்க இன்னும் நாள் இருந்தது, வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வயலில் அறுப்பு மிஷின் சத்தம். மதகுக் கட்டையில் ஏறி உட்கார்ந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்பதற்குள் எடுத்துவிட்டாள். குரல் கரகரத்து, பாதி காற்றாகத்தான் வந்தது.

*சைக்கிளு ஒண்ணு வாங்கி தாவாரத்துல நிறுத்தி வச்சேன்,*
*ஏறிப் பாக்காம எங்க போனீங்களோ...*

அந்தக் கடைசி எழுத்தை இழுத்தாள். மிஷின்காரர் திரும்பிப் பார்த்து, மிஷினை அணைத்தார். அவள் விடவில்லை. தெரிந்த வரியெல்லாம் பாடினாள், தெரியாத இடத்தில் புதிதாகக் கட்டிப் பாடினாள். முடித்துவிட்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தண்ணீரில் இறங்கினாள்.

“தலை முழுகிட்டு வரேன். நீ ஓடிப்போயி ஒரு மாத்துப் பொடவை எடுத்தா” என்றாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு.

எனக்கு அங்கிருந்து காலை எடுத்துவைக்க முடியவில்லை.