அம்மன் படத்தைச் சுற்றிய தாள்

1. எழுத்தில்லாத தாள்

பேக்கிங் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்வது ஒன்றுதான். அச்சடித்த தாளில் சாமானைச் சுற்றாதீர்கள். கப்பலில் கண்டெய்னர் வெயிலில் வேகும்போது தாளில் இருக்கும் மை வியர்த்து, பீங்கான் தட்டில் ஏறிக்கொள்ளும். அங்கே பெட்டியைப் பிரிக்கும் அம்மாள் தன் கல்யாணத் தட்டில் குதிரைப் பந்தயச் செய்தியைப் படிக்க வேண்டிவரும். அதனால்தான் எழுத்தில்லாத வெள்ளைத் தாளை ரோல் ரோலாக வாங்கி வைத்திருப்போம்.

ஃபிஜித் தீவில், லௌடோகா துறைமுக ஊரில் வீட்டுச் சாமான்களைக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். சமையலறையும் சாமி அறையும் என் பொறுப்பு. கிறிஸ்தவச்சியை நம்பிச் சாமி அறையை விட்டார்களா என்று கேட்பீர்கள். விட்டார்கள். கோஷ்டியில் மற்ற இருவரும் ஆண்கள், அதில் ஒருவர் வாயில் எப்போதும் சிகரெட். வேறு வழி?

சிகரெட்காரர் டிரைவர் செமி, ரா பகுதியைச் சேர்ந்த பூர்வீக ஃபிஜிக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். இன்னொருவர் தானியேல். கண்ணாடிச் சாமானுக்கு மரப்பெட்டி அடிப்பார். நாற்பது வயதுக்கு மேல் ஞானஸ்நானம் எடுத்து என் சபைக்கே வந்தவர். வந்த புதிதில் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் வேகம் அதிகம். வாடிக்கையாளர் தண்ணீர் கொடுத்தால்கூட, ஜீவத்தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் குடிப்பார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

இந்தியர்கள் பங்குகொண்ட ஆட்சியைக் கவிழ்த்து, ரோடெல்லாம் ராணுவம் நின்ற காலம் அது. சிட்னி, ஆக்லாந்து, வான்கூவர் என்று நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. இருந்த வெள்ளைத் தாள் எந்த மூலைக்கு என்றாகிவிட்டது.

2. பினாங்கு வீடு

பினாங்கு என்றால் மலேசியாவை நினைக்காதீர்கள். ராகிராகி பக்கம் எங்களுக்கும் ஒரு பினாங்கு உண்டு, சர்க்கரை மில்லோடு. அங்கே சின்னசாமி என்பவர் கரும்பு போட்டிருந்தார். நிலத்தின் குத்தகை முடிந்துவிட்டது. அந்த வாரமே வீட்டைக் காலிசெய்து கொடுக்க வேண்டும். சிட்னியில் மகன் காத்திருந்தான். சாமான்கள் அன்று மாலை கர்ஃப்யூவுக்குள் லௌடோகா வார்ஃபில் நின்றாக வேண்டும்.

அவர் மனைவி அங்கம்மா அதிகம் பேசாதவர். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "எல்லாத்தையும் கட்டுங்க. மாரியம்மன் படம் மட்டும் செவத்துல இருந்து கடைசியில எறங்கணும். அங்க போயி அதுதான் மொதல்ல செவத்துல ஏறணும்." படத்தில் செருகியிருந்த வேப்பிலையை, இலை தழையைச் சோதிக்கும் சிட்னி குவாரன்டைன்காரன் விடமாட்டான் என்றேன். ஒவ்வோர் இலையாக அவரே எடுத்துக் கிணற்றடியில் போட்டுவிட்டு வந்தார்.

சமையலறையில் நான் கடைசித் தட்டுகளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, கண்ணாடி போட்ட படம் என்பதால் தானியேலே அதைச் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடப் போனார். அங்கம்மா கற்பூரத்தோடு வந்து, "ஒரு தபா தெற, பாத்துக்கறேன்" என்றார். சுற்றியதைப் பிரித்தார். அப்புறம் அவர் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. அந்த வேலையில் நான் உடைத்த ஒரே தட்டு அதுதான்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். படத்தைச் சுற்றியிருந்தது வெள்ளைத் தாள் இல்லை, துண்டுப் பிரசுரங்கள். சாமி சிலைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நெருப்பில் விழுகிற படம் போட்ட பிரசுரம். வெள்ளைத் தாள் தீர்ந்ததும் தானியேல் தன் பையிலிருந்த கட்டைப் பிரித்திருக்கிறார். அம்மன் படத்துக்கு மட்டுமல்ல, காலையிலிருந்தே பெட்டிக்குப் பெட்டி கப்புக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் திணித்திருக்கிறார். சிட்னியில் பிரிக்கும்போது படிப்பார்களாம்.

"எங்க அம்மன் மூஞ்சி மேல நெருப்பச் சுத்திக்கினு நிக்கிறியே, இன்னாய்யா மனுசன் நீ?" என்று கேட்டார் அங்கம்மா.

தானியேல் அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "உண்மைய சொன்னா கோவம் வரத்தான் செய்யும் அக்கா. இந்தப் படத்த நம்பித்தானே இந்தக் கதி? நெலம் போச்சு, நாடும் போகுது. அங்கயாச்சும் இத வுட்டுட்டு…"

அங்கம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். புருஷனைப் பார்த்துச் சொன்னார். "நெலத்துக்காரன் போன்னான். பட்டாளத்துக்காரன் போன்னான். இப்ப இவன் நம்ம சாமியையும் போன்னு சொல்றான். நான் எங்கியும் வல்ல. நீ மவன்கிட்ட போ. நான் இவளோட இங்கியே கெடக்கறேன்."

சின்னசாமி கெஞ்சினார். தீ மிதிக்கிற மனிதர், அன்று குழந்தை மாதிரி அழுதார். அங்கம்மா அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து அந்த வீட்டுப் போன் அடித்தது. எங்கள் முதலாளி. நம் ஆள்தான், ஆனால் கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். "மேரி, வண்டி இன்னும் கெளம்பலயா? கப்பல் உனக்காக நிக்குமா?" என்று கத்தினார். "சார், பெட்டியெல்லாம் மறுபடி பிரிக்கணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அங்கம்மாவிடம் என்ன சொல்வது? எங்கள் வேதம் இப்படிச் சொல்லவில்லை என்று விளக்கலாம். அன்பைப் பற்றி எனக்கு வசனங்கள் மனப்பாடம். ஆனால் அந்தப் பெண்மணி அன்று கேட்ட பேச்சு போதும் என்று தோன்றியது. "தானியேல், நீங்க வெச்ச ஒவ்வொரு தாளையும் நீங்களே எடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

லாரியில் இருந்த செமி எஞ்சினை அணைத்தார். சிகரெட்டை வெளியே போட்டார், தலையைக் குனிந்து உள்ளே வந்தார். ஒரு ஃபிஜிக்காரர் வாசலில் நின்றாலே இந்தியர்கள் கதவைத் தாழிட்ட நாட்கள் அவை. அவர் அங்கம்மாவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்று முறை மெதுவாகக் கைதட்டி, எங்கள் ஊர் ஹிந்தியில் "மாஃப் கரோ, அம்மா" என்றார். பெரியவர்களிடம் அவர்கள் பணிந்து மன்னிப்புக் கேட்கும் முறை அது. பிறகு எழுந்து பெட்டிகளைப் பிரிக்கத் தொடங்கினார்.

பிரித்ததைத் திரும்பக் கட்டத் தாள் இல்லை. தலையணை உறை, பழைய சேலை, சின்னசாமியின் வேட்டி என்று கிடைத்ததில் எல்லாம் சுற்றினோம். அம்மன் படம் மட்டும் அங்கம்மாவின் மடியிலேயே இருந்தது. என் பையில் காலையில் வரும் வழியில் பா என்ற டவுனில் வாங்கிய புது வெள்ளைத் துணி இருந்தது. அதை எடுத்துப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புதுத் துணியா இருக்குதே. எதுக்கு வாங்கின?"

"எங்க சர்ச்சில அப்பமும் ரசமும் வெக்கற திருவிருந்து மேஜைக்கு, அக்கா."

"அதுல போயி என் அம்மனச் சுத்தறியா? உங்க சாமி கோச்சுக்க மாட்டாரா?"

"இதுக்கெல்லாம் கோச்சுக்கற ஆளா இருந்தா நான் அவர்கிட்ட இத்தன வருசம் இருந்திருக்க மாட்டேன். நான் அம்மனுக்குச் சுத்தல அக்கா. உங்க மனசு ஒடையாம போய்ச் சேரணும்னு சுத்தறேன்."

அவர் துணியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு படத்தை என் கையில் கொடுத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கிளம்பும் முன் அங்கம்மா வீட்டில் மிச்சமிருந்த அரிசியை வடித்து, டாலோ எனும் சேம்பு இலைக் கறியோடு எல்லோருக்கும் போட்டார். தானியேல் வெளியே ஒதுங்கி நின்றார். அங்கம்மா தட்டை எடுத்துக்கொண்டு அவரிடமே போனார். "வந்து துன்னு. காலையில இருந்து பெட்டி தூக்கற, வயிறு காயும்." தானியேல் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

வண்டி ஏறியதும் அவரை உரித்து எடுத்துவிட நினைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் செமி, "அவன் தலை குனிஞ்சு சாப்பிட்டதைப் பார்த்தேன் மேரி, அது போதும், விடு" என்றார். விட்டேன். இரண்டு இடங்களில் ராணுவம் நிறுத்தியும், கேட் மூடும் நேரத்தில் வார்ஃபுக்குள் நுழைந்துவிட்டோம்.

3. போன்

சில வருடங்கள் கழித்துச் சிட்னியிலிருந்து ஊர் வந்த சின்னசாமியின் தங்கை, அங்கம்மா கொடுத்தனுப்பிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே அதே வெள்ளைத் துணி, துவைத்து இஸ்திரி போட்டு. நடுவில் அம்மன் படத்து மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. கறையோடேயே அதைத் திருவிருந்து மேஜையில் விரித்தேன். பாஸ்டர் கேட்டார், கதையைச் சொன்னேன். அப்புறம் அவர் வேறு துணி தேடவில்லை.

இளையவர்களே, பேக்கிங் வேலையில் நான் கற்றது கொஞ்சம்தான். சாமான் அவர்களுடையது, நம்முடையது அல்ல. அது உடையாமல் போய்ச் சேர வேண்டும். நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமானால், உங்கள் கை அவர்கள் சாமானைத் தொடும் விதத்திலேயே தெரிந்துகொள்வார்கள். மிச்சத்தை, கேட்டால் சொல்லுங்கள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து மேஜையை ஒழுங்குசெய்துகொண்டிருந்தபோது அங்கம்மாவிடமிருந்து போன் வந்தது. "ஏம்மா மேரி, அன்னிக்கு நீ உங்க சாமியப் பத்தி ஒரு வார்த்த பேசல. பேசியிருந்தா காதப் பொத்திக்கினு இருப்பேன். ரொம்ப நாளா மனசுல கெடக்குது. இப்ப நானே கேக்கறேன், சொல்லு. அவரு எப்படிப்பட்டவரு?"

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஆனால் மேஜையின் அந்தப் பக்கம் தானியேல் துணியை மடித்துக்கொண்டு நின்றார். பையில் பிரசுரம் வைத்துக்கொள்வதை அவர் விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. போனை அவரிடம் நீட்டி, யார் என்பதையும் கேள்வியையும் சொன்னேன். அவர் துணியை மேஜையில் வைத்துவிட்டுப் போனை வாங்கினார்.

"அக்கா, நான்தான் தானியேல். மன்னிச்சுக்குங்க" என்றார். அந்தப் பக்கம் அங்கம்மா ஏதோ சொன்னார். தானியேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவரா? அன்னிக்கு நான் அவ்வளவு பேசியும், தட்டுல சோறு போட்டு எடுத்துக்கினு என்னத் தேடி வந்தீங்களே. அந்த மாதிரி அக்கா."