அம்மா வீட்டுக்குப் போகணும்

அந்த நகரத்தில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். மீதிப் பாதிக்கு இன்னும் பல் விழவில்லை. இதை அவரே சொல்லுவார். சொல்லிவிட்டு முதலில் சிரிப்பவரும் அவரே. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கான் பல் செய்து கொடுக்கும் பட்டறையில் அவருக்கு ஜன்னலோர மேசை. சொந்தக்காரர்களிடையே அவருக்குப் பெயர் பல்லுக்காரர். பெண் பார்க்கப் போன அன்றே மாமியார் வீட்டில் யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

பீங்கான் மாவைக் குழைத்து, தூரிகை நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பல்லைக் கட்ட வேண்டும். உலைக்குள் போனால் அது சுருங்கும். அதனால் வேண்டிய அளவைவிடப் பெரிதாகவே கட்டிவைப்பார். எவ்வளவு சுருங்கும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். வாழ்க்கை விஷயத்தில்தான் மனிதர் ஏமாந்து போனார். அங்கே எல்லாவற்றையும் சரியான அளவிலேயே கட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது வேலை விசாவில் மனைவியையும் அவளையும் கூட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தார். அவர் கைவேலை முதலாளிக்குப் பிடித்துப்போய், இவர் குடும்பத்தோடு இங்கேயே நிரந்தரமாக இருக்கட்டும் என்று அரசாங்கத்துக்கு மனுப் போட்டார். மனு சீக்கிரமே பாஸாகிவிட்டது. அன்றைக்கு மூன்று பேரும் ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். மனு பாஸானால் வரிசையில் நிற்க இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. சாப்பிட்டது சாப்பிட்டதுதானே, அதைத் திருப்பிக் கேட்க முடியுமா?

அந்த வரிசையின் சட்டம் கேட்பதற்கு மகா நியாயமாக இருக்கும். வருஷத்துக்கு இத்தனை பேருக்குத்தான் நிரந்தர விசா. அதிலும் எந்த ஒரு நாட்டுக்காரரும் தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் தெருவில் இறங்கினால் ஆள்மேல் ஆள் இடிக்கிற பெரிய நாட்டுக்கும், மொத்த ஜனத்தையும் ஒரு விளையாட்டு மைதானத்தில் உட்காரவைத்துவிடக் கூடிய குட்டித் தீவுக்கும் உச்சவரம்பு ஒன்றுதான். பல்லுக்காரர் பிறந்தது பெரிய நாட்டில். பக்கத்து மேசைக்காரன் பிறந்தது ஒரு சின்ன நாட்டில். அவனுக்கு உலையைத் திறக்கக் கற்றுக்கொடுத்தவரே இவர்தான். இவர் மனுவுக்கு ஆறு வருஷம் கழித்து மனுப் போட்டவன், மறு வருஷமே நிரந்தர விசாவோடு வந்து பட்டறை முழுக்க சாக்லேட் கொடுத்தான். பல்லுக்காரர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு. எனக்கு முன்னாடி நிக்கறவனுக்கு ஒண்ணு" என்றார்.

மாதம் பிறந்தால் அரசாங்கம் ஒரு தேதியை வெளியிடும். அந்தத் தேதிக்கு முன்னால் மனுப் போட்ட பெரிய நாட்டுக்காரர்கள் வரலாம், மற்றவர்கள் காத்திருக்கலாம். மாதா மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். சில மாதம் ஒரு வாரம் நகரும். பல மாதம் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருக்கும். ஒரு தடவை மூன்று வருஷம் பின்னால் போய்விட்டது.

"ஏங்க, வரிசை பின்னால கூடப் போகுமா?" என்று மனைவி கேட்டாள்.

"நாம நின்ன இடத்துலதான் நிக்கறோம். அவங்கதான் கவுண்டரைத் தூக்கிட்டு ஓடிட்டாங்க."

அவள் சிரித்தாள். அப்போதெல்லாம் அவர் சொல்வதற்கு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு நின்றது மகளால். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை, வளர்ந்தாள், அவ்வளவே. அப்பாவின் மனுவில் மகளுக்கும் இடம் உண்டு, ஆனால் இருபத்தொரு வயது வரைக்கும்தான். அதற்குள் முறை வரவில்லை என்றால் அவள் சட்டப்படி பிள்ளை இல்லை, தனி ஆள். வரிசையில் இருந்து விழுந்துவிடுவாள், இந்த நாட்டில் இருக்கிற உரிமையும் அதோடு போய்விடும். வயதில் சில மாதங்களைக் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. அதையும் கழித்துப் பார்த்தாயிற்று. பதினெட்டாவது பிறந்தநாளிலிருந்து, கேக் வெட்டும் நேரம் பார்த்து மனைவிக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

மகளுக்குப் பத்தொன்பது நடக்கும்போது ஒரு வக்கீலம்மாவிடம் போனார்கள். நம்மவர்தான், தமிழிலேயே திட்டுவார். காகிதங்களைப் புரட்டிக்கொண்டே மனைவியைக் கேட்டார்.

"நீங்க எங்க வளர்ந்தீங்க?"

மனைவி அந்தத் தீவின் பெயரைச் சொன்னாள். அவளுடைய அப்பாவுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. பதினாலு வயது வரை அவள் அங்கேதான் ஓடியாடினாள்.

வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்கேயே பொறந்தீங்களா? அந்தத் தீவுக்கு வரிசையே கிடையாதுங்க. புருஷன் பொண்டாட்டியில ஒருத்தர் அங்க பொறந்திருந்தாப் போதும், இன்னொருத்தரும் அந்தக் கணக்குல வந்துடலாம். கூடவே உங்க பொண்ணும்."

பல்லுக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி தன் கையைப் பார்த்தாள்.

"பொறந்தது ஊர்லங்க. எங்கம்மா பிரசவத்துக்குன்னு ஊருக்கு வந்தாங்க. மூணு மாசக் குழந்தையா என்னைத் தூக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

வக்கீலம்மா பேனாவை மூடினார். "வளர்ந்த இடமெல்லாம் கணக்கில்லைங்க. பாஸ்போர்ட்டும் கணக்கில்லை. பொறந்த இடம் மட்டும்தான்" என்றார். அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், அன்றைக்கு ஃபீஸ் வாங்கவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"எங்கம்மாவுக்கு இது தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா செத்துடுவாங்க."

"என் வாயில இருந்து வராது" என்றார் அவர்.

அடுத்த வருஷம் மாமியாரே வந்து இறங்கினார். பார்வையாளர் விசா, ஆறு மாதம் இருக்கலாம். மகளுக்கு இருபத்தொன்று ஆகவும் சரியாக ஆறு மாதம்தான் இருந்தது. மாமியார் நல்ல மனுஷி, வாய்தான் ஓயாது. சாப்பிட உட்கார்ந்தால் பழைய கதை வரும். பழைய கதைகளிலேயே அவருக்கு உயிரான கதை ஒன்று உண்டு.

"தீவுல ஆஸ்பத்திரி பளபளன்னு இருக்கும். உங்க தாத்தா, இங்கேயே பெத்துக்கோன்னார். நான் விட்டேனா? ரெண்டு நாள் பச்சைத் தண்ணி தொடலை. அம்மா வீட்டுக்குப் போகணும், அம்மா வீட்டுக்குப் போகணும்னு ஒரே அழுகை. மூணாம் நாள் டிக்கெட்டைக் கொண்டாந்து கையில குடுத்துட்டார் மனுஷன். வயித்தைத் தள்ளிக்கிட்டு ப்ளேன் ஏறினேன் பாரு!"

பேத்தி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டில் எதை ஒளிப்பது? எல்லாவற்றையும் அவளே படித்துவைத்திருந்தாள். மனைவி துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அத்தை பிடிச்சா உடும்புப் பிடிதான்" என்று பல்லுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சிரிக்க அவர் பட்ட பாடு எந்தப் பல்லைக் கட்டவும் பட்டதில்லை. கிழவிமேல் அவருக்குக் கோபம் வந்தது. கோபப்படுகிறோமே என்று வெட்கமும் வந்தது. பயந்துபோன ஒரு சின்னப் பெண் தன் அம்மாவைத் தேடியதில் என்ன தப்பு? எந்த நாட்டுச் சட்டத்தை நினைத்துக்கொண்டு யார் பிள்ளை பெறுகிறார்கள்?

மகளை மாணவர் விசாவுக்கு மாற்றிப் பார்த்தார்கள். படிப்பு முடிந்ததும் திரும்பிப் போய்விடுவேன் என்று அவள் நம்பவைக்க வேண்டும். குடும்பமே நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறது, இவள் மட்டும் எப்படிப் போவாள் என்று கேட்டு மறுத்துவிட்டார்கள். வரிசையில் ஒழுங்காக நின்றதே குற்றமாகிவிட்டது. கடைசி மாதத்துத் தேதி நாலு நாள் நகர்ந்தது.

அவளை ஊருக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. எது ஊர்? நாலு வயதில் விட்டுவிட்டு வந்த இடம். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். தெருவைக் கடக்கக்கூடத் தெரியாது. மாமியார் திரும்பிப் போகிற விமானத்திலேயே அவளுக்கும் இடம் போட்டார்கள்.

"நான் பார்த்துக்கறேன் மாப்பிள்ளை. என் பேத்தி என்கிட்டதானே வர்றா" என்று மாமியார் அதுவரை தைரியமாகத்தான் இருந்தார். கிளம்புவதற்கு முந்தின வாரம், பூங்காவில் தினமும் கூட நடக்கும் ஓர் அம்மா அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாவின் மருமகள் வேறொரு நாட்டில் பிறந்தவள். அதனால் மகனுக்கு உடனே கிடைத்துவிட்டதாம். பெருமைக்குச் சொன்னதுதான். அன்றிலிருந்து மாமியார் சாப்பாட்டு மேசையில் கதை சொல்லவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் அம்மாவும் மகளும் பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடி மருமகனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. நான் இவளைத் தீவுலயே பெத்திருந்தா இந்தப் பொண்ணு இப்ப போக வேண்டியிருக்காதா?"

"அதெல்லாம் பழைய சட்டம் அத்தை. இப்ப இல்லை. எங்க பெத்திருந்தாலும் இதேதான்."

"நிஜமா?"

"நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

கிழவி பெருமூச்சு விட்டார். சட்டைக் கையை விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த மகள் அதைக் கேட்டுவிட்டாள் போல. அப்பாவைக் கட்டிக்கொண்டு காதருகே, "தேங்க்ஸ்ப்பா" என்றாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் அவள் திரும்பிப் பார்த்தாள். கிழவி பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இனிமே நாம யாருக்குங்க நிக்கறோம்?"

கிளம்பிப் போய்விடலாம்தான். ஊரில் ஐம்பது வயதுக்காரருக்கு வேலை கொடுக்க எந்தப் பட்டறை காத்திருக்கிறது? மகளின் படிப்பு பாதியில் நிற்கிறது, அவளைப் படிக்கவைக்க இங்கே சம்பாதித்தாக வேண்டும். லீவு போட்டு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரவும் வழியில்லை. வெளியே போனால் தூதரகத்தில் புது விசா முத்திரை வாங்கித்தான் திரும்பி உள்ளே வர முடியும். அது எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுவரை முதலாளி மேசையைக் காலியாக வைத்திருக்க மாட்டார். ஆகவே மகள் ஒரு தடவை பார்வையாளராக வந்து போகட்டும் என்று முடிவு செய்தார்கள். பார்வையாளர் விசாவுக்குப் பங்குமில்லை, வரம்புமில்லை. மாமியாருக்கே கிடைத்ததுதானே?

நேர்காணலுக்கு முன்னால் பல்லுக்காரர் போனில் மகளைத் தயார் செய்தார்.

"எதுக்குப் போறேன்னு கேட்டா, சுத்திப் பார்க்கன்னு சொல்லு. ரெண்டு வாரம். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே."

"சுத்திப் பார்க்கவா? நான் படிச்ச ஸ்கூலையாப்பா?"

"சொல்றதைக் கேளும்மா."

சரி என்றாள். தூதரகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி கடுமையான ஆள் இல்லை. அவள் பேச்சைக் கேட்டதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. தங்கள் ஊர்ப் பெண் மாதிரியே பேசுகிறாளே என்று. சிரித்துக்கொண்டே, எதற்காகப் போக வேண்டும் என்று கேட்டார். எட்டு மாதமாக யாரும் அவளிடம் அந்தப் பேச்சில், அந்த மாதிரி சிரித்து, எதுவும் கேட்டதில்லை. மனப்பாடம் செய்த இரண்டு வாரமும் சுற்றிப் பார்ப்பதும் எங்கோ போய்விட்டன. அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போதே அழுதும்விட்டாள்.

அதிகாரியின் சிரிப்பு மெல்ல நின்றது. வீடு அங்கே இருக்கிறவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்று அவருக்குப் பாடம். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் பட்டறைக்குப் போன் வந்தது. மாமியார். பல்லுக்காரர் கையில் ஈரம் காயாத ஒரு முன்பல் இருந்தது.

"மாப்பிள்ளை, ரெண்டு நாளா பச்சைத் தண்ணி தொடலை. கதவைச் சாத்திக்கிட்டு அழறா. அம்மா வீட்டுக்குப் போகணும்னு ஒரே பிடி."

"நான் பேசறேன் அத்தை."

"பேசி என்ன பண்ண? எனக்கு மூணாம் நாள் டிக்கெட் வாங்கிக் குடுக்க ஒரு மனுஷன் இருந்தார்." பிறகு கிழவியின் குரல் தாழ்ந்தது. "அன்னைக்கு ஏர்போர்ட்ல என்கிட்ட பொய்தானே சொன்னீங்க?"

பல்லை உலைக்குள் வைக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரன் உலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பல்லுக்காரர் போனைக் காதில் வைத்தபடி, கையிலிருந்த பல் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.