ஆறு மணிக்கு மேல் ஓடாத கார்

எங்கள் கார் மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்பிவிடும். மயிலாப்பூரில் மற்றவர்கள் கச்சேரிக்குக் கிளம்பும் நேரத்தில் நாங்கள் கேட்டைச் சாத்திக்கொண்டிருப்போம். அப்பா பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய வண்டி அது. டைனமோ பாட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பதில்லை, விளக்கைப் போட்டால் வண்டி நடுத்தெருவில் நின்றுவிடும் என்பது அப்பாவின் கட்சி. டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்து அவருக்குச் சாட்சி சொல்லும். ஞாயிறுதோறும் பாட்டரியைக் கழற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, லஸ்ஸிலிருந்த கடைக்குச் சார்ஜ் ஏற்றக் கொண்டுபோவார். ஆசிட் பட்டு ஓட்டை விழாத சட்டை அவரிடம் ஒன்றும் இல்லை.

இதனால் எந்தக் கல்யாண ரிசப்ஷனிலும் அம்மா சாப்பிட்டதில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வருவதற்குள் நாங்கள் கிளம்பியிருப்போம். பெரியம்மா மகளின் ரிசப்ஷன் நங்கநல்லூரில் என்று பத்திரிகை வந்ததும், இந்த முறை பந்தியில் உட்காராமல் திரும்புவதில்லை என்று அம்மா முடிவு செய்து, தன் தம்பியை வரவழைத்தாள்.

மாமாவுக்குப் பழைய கார் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பானெட்டைத் திறந்து ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தளரவில்லை. டைனமோவின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து, அதிலிருந்து ஒரு பல்புக்கு இணைப்புக் கொடுத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. "பல்பு எரிஞ்சா போதுமா, பாட்டரி ஏறணுமே" என்று அப்பா பக்கத்திலேயே நின்று கொண்டிருந்தார். மாமா ஒயரைத் தடவிக்கொண்டே ரெகுலேட்டர் பெட்டி வரை போனார். அங்கே ஒரு மெல்லிய ஒயர் கழற்றப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் நேர்த்தியாகச் சுற்றி, ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"டைனமோ நல்லாத்தான் கீது மாமா. எவனோ வேணும்னே ஒயரைக் கழட்டி டேப் சுத்தி வெச்சிக்கிறான்" என்று அப்பாவிடம் சொன்னார் மாமா.

"போன தடவை வண்டியைப் பார்த்த மெக்கானிக்காத்தான் இருக்கும்" என்றார் அப்பா. மாமா மெக்கானிக்கை நெடுநேரம் திட்டினார். அப்பாவும் சேர்ந்து திட்டினார்.

ஒயரை மாட்டி எஞ்சினை ஓட்டியதும் சிவப்பு விளக்கு அணைந்தது.

ரிசப்ஷனில் அம்மா ஐஸ்கிரீம் வரைக்கும் ஒரு கை பார்த்தாள். மாமா மண்டபத்திலேயே தங்கிவிட, அப்பா, அம்மா, என் தம்பி, நான் மட்டும் காரில் திரும்பினோம். அப்பா ஸ்டியரிங் மேல் குனிந்து ஊர்ந்துதான் ஓட்டினார். நந்தனத்தில் முன்னால் போன ஒரு பஸ்ஸின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டார். அது நின்ற இடத்திலெல்லாம் நாங்களும் நின்று, ஆட்கள் ஏறி இறங்கும் வரை காத்திருந்தோம். எங்கள் தெரு வந்தது, போனது. பஸ் மந்தைவெளி டிப்போவுக்குள் திரும்பியது. நாங்களும் திரும்பினோம்.

கண்டக்டர் இறங்கிவந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், காரையும் இங்கியே வுட்டுட்டுப் போறியா?"

நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. இருட்டினால் அப்பாவுக்குக் கண் தெரியாது என்பதும், டேப் சுற்றியது யார் என்பதும் அவளுக்கு அங்கேதான் புரிந்திருக்கிறது.

"வண்டி இங்கியே இருக்கட்டுங்க. காலையில வந்து எடுத்துக்கலாம்" என்றாள். கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தோம். அம்மா வழி முழுவதும் அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். தெருவில் இதென்ன என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அடுத்த வாரமே அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தாள். பிறகு பகலில் அப்பா ஓட்டினார், விளக்கு வைத்த பின் அம்மா ஓட்டினாள். "அவளுக்கு ராத்திரில ஓட்டத்தான் புடிக்கும். பகல்ல குடுத்தா வேணாம்னுடுவா" என்று அப்பா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லுவார். அம்மாவும் ஆமாம் என்பாள். பீச் ரோடும் அடையாறு பாலமும் இரவில் எப்படியிருக்கும் என்று அப்போதுதான் பார்த்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் போனதில்லை. எதிரே லாரி விளக்கு வரும்போதெல்லாம் அம்மா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முருகா முருகா என்று வாய்க்குள் சொல்லுவாள். பிடித்த வேலையைச் செய்யும்போது பெரியவர்கள் அப்படித்தான் பாடிக்கொள்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.