விஷம் முறிக்கும் ஊசி

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். புருஷன் வேன் ஓட்டுகிறவன். குழம்பில் உப்பு கூடினாலும் அடிப்பான், குறைந்தாலும் அடிப்பான். மூத்தவள் எப்படியோ பிழைத்துப் பிறந்துவிட்டாள். இரண்டாவது, ஆறாம் மாதத்தில் அவன் விட்ட ஒரே உதையில் போயிற்று. இவன் பிள்ளை இனி என் வயிற்றில் தங்கவே கூடாது என்று அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் மாத்திரை கொடுத்தாள். "முட்டை வெளிய வராம இது பாத்துக்கும். ஆனா உடம்புல ஒரு நாளைக்கு மேல நிக்காது. தவறாம தினமும் போடணும், என்ன?"

வீட்டில் அவன் கை படாத இடம் கிடையாது. அவனுடைய விசேஷச் சட்டையின் காலருக்குள் வைக்கிற அட்டைக்குப் பின்னால் மாத்திரைப் பட்டையைச் செருகி, மடிப்புக் கலையாமல் தேய்த்து அடுக்கினாள். கல்யாணம் வந்தால்தான் அவன் அதைத் தொடுவான்.

ஒரு நாள் காலையில் அவன் முதலாளி செத்துப்போனார். சாவுக்குப் போக அவன் அந்தச் சட்டையை உதறினான். மாத்திரைப் பட்டை தரையில் விழுந்தது.

"என் வாரிசக் கொல்ல என் சட்டையிலயே ஒளிச்சு வச்சிருக்கியாடி?"

முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். உதடு கிழிந்தது. காலைக் கட்டிக்கொண்ட மகள் அவன் உதறியதில் வாளியின்மேல் போய் விழுந்தாள்.

"அவ்வளவு ஆசையா? எல்லாத்தையும் தின்னு!"

மூக்கைப் பொத்தி, ரத்தம் வழிகிற வாயில் அத்தனை மாத்திரையையும் திணித்தான்.

அன்று முழுக்க வாந்தி. இரண்டொரு நாளில் ரத்தப்போக்கு தொடங்கியது. நனைந்த துணியை அவன் பார்த்துவிட்டான். "அடியே, செத்துக்கித்துத் தொலச்சிராத. என்னைத் தூக்கி உள்ள வச்சிருவானுங்க." மகளையும் ஏற்றிக்கொண்டு வேனைப் பறக்கவிட்டான்.

நர்ஸ் அவனை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். "மொத்தமா முழுங்குனா குமட்டும். மருந்து ஏறி இறங்குனதுல ரத்தம் போகுது. உயிருக்கு ஒண்ணும் ஆகாது. உதடு எப்படிக் கிழிஞ்சது? போலீசுக்குச் சொல்லட்டுமா?"

"இப்ப வேணாங்க்கா. வெளிய எம்பொண்ணு அந்தாளு கையில நிக்குது. எனக்கு ஒளிச்சு வைக்கத் தேவையில்லாத மருந்தா ஒண்ணு குடுங்க."

நர்ஸ் சோதித்துப் பார்த்துவிட்டு ஊசி போட்டாள். "இது சதைக்குள்ள தங்கிக் கொஞ்சங்கொஞ்சமாக் கசியும். மூணு மாசம் தாங்கும். தீட்டு கண்டபடி வரும், நின்னும் போகும். பயந்துறாத."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "விஷம் ரத்தத்துல ஏறிருச்சாம். மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டாத்தான் முறியுமாம். ஒண்ணு விட்டாலும் நான் காலி. அப்புறம் யாரு திணிச்சதுன்னு போலீசு வந்து கேக்கும்."

காற்றுப்போன டயர் போல அவன் முகம் தொங்கிப்போயிற்று.

அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தேதி தவறாமல் சலவைக்கடை வாசலில் ஹாரன் கேட்டது. "ஏய், ஊசி போடணும், கெளம்பு!"

"புருஷனுக்கு என்ன பாசம்டி!" என்று பக்கத்து மேசைக்காரி கிண்டல் செய்வாள்.

"பாசமா? அது உள்ள போயிருவோம்ங்கற பயம்," என்று சொல்லிவிட்டு இவள் வேனில் ஏறுவாள்.

பிள்ளை தங்கவில்லை. தான் திணித்த மாத்திரைதான் அவள் வயிற்றைக் கெடுத்துவிட்டது என்று அவன் நம்பினான். அந்த ஆத்திரத்தையும் அவள்மேலேயே காட்டினான். வீட்டுக்குக் கொண்டுவந்த துணிகளை அவள் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், வயிற்றைப் பார்த்து உதைத்தான்.

சுருண்டு விழுந்தாள். பழக்கத்தில் இரண்டு கைகளும் வயிற்றைப் பொத்திக்கொண்டன. பிறகுதான் உறைத்தது. உள்ளே சாவதற்கு யாரும் இல்லை.

கைகளை எடுத்தாள். எழுந்து, மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளி, கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள்.

"இன்னொரு தடவ கால ஓங்கிப் பாரு."

அவன் வாசற்படி வரைக்கும் பின்னால் நகர்ந்தான்.